மாமாவின் பெயர் கேட்கும் நாள்

இதை எழுதுவதற்கென்று நான் முதல் நோட்டு வாங்கியது என் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம். அதில் ஊறுகாய்ப் பக்குவம் எழுதினேன். மிச்சத் தாள்களைப் பேரப்பிள்ளைகள் கிழித்துக் கப்பல் விட்டார்கள். இரண்டாவது நோட்டைக் கரையான் தின்றது. ஒவ்வொரு டிசம்பரிலும் பேனாவை எடுப்பேன். இந்தப் பழங்கதை யாருக்கு வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லி மூடி வைப்பேன். சாக்குத்தான் அது. உண்மையில் எனக்குப் பயம். இந்த விஷயத்தில் ஒரு பொய் வருகிறது. அதைச் சொன்னவள் நான்.

என் வயதுச் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய கைகள் இன்று நம்மில் எத்தனை பேருக்கு மிச்சம்? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது சண்டைக் காலம். ரங்கூனில் குண்டு விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. ஆரப்பாளையத்தில், வைகைக்குக் கூப்பிடு தூரத்தில், ஆறு வீடுகள் சேர்ந்த ஒரு வளவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை. அம்மா, நான், இடுப்பை விட்டு இறங்காத தம்பி. எங்களோடு அப்பாவின் தங்கை, என் அத்தை.

அத்தையின் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தார். கல்யாணமான ஆறாம் மாதம் கப்பல் ஏறியவர், நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். குண்டு விழுவதற்கு முந்தின மாதம் கடைசிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பர்மாவிலிருந்து காடு மலை வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கால் வீங்கி, தலைமுடி கொட்டி, மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள். மாமா அவர்களில் இல்லை.

அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால்கூட பக்கத்திலிருக்கிற பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் மாமாவின் பெயர் ஒலிப்பதே இல்லை. அப்பாவுக்கு அவர் "மச்சான்", அம்மாவுக்கு "அண்ணன்", எனக்கு "மாமா". அத்தைக்கு "அவுக". வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தப் பெயர் எங்கள் வாசலில் சத்தமாகக் கேட்கும். கிறிஸ்துமஸ் பஜனை வரும் நாள்.

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். பஜனைக் கூட்டம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அந்த வீட்டு ஆண்மக்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "குடும்பத்துக்குச் சமாதானம்!" என்று ஒரே குரலாகச் சொல்லி, அப்புறம்தான் பாடுவார்கள். அப்பா பெயருக்கு அடுத்தபடி மாமாவின் பெயர் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவர் எங்கள் வீட்டு ஆள். அந்த நேரத்தில் அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்பாள். காது மடல் சிவந்திருக்கும். அதைப் பார்க்கவே நான் அவள் பக்கத்தில் போய் நிற்பேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது. நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். சபையார் தங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தட்டில் வைத்து, வெள்ளைத் துணி மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாழ்த்துச் சொல்லமாட்டார்கள். "பிள்ளைகளுக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற வீடுகளில் தட்டு வந்தால் ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் திருப்ப வேண்டும். துக்க வீட்டிலிருந்து மட்டும் தட்டு கழுவி, வெறுமனே திரும்பும். பஜனையும் அந்த வாசலில் நிற்காது. மத்தளத்தை நிறுத்தி, தலை குனிந்து, சத்தமில்லாமல் தாண்டிப் போகும். அதுதான் மரியாதை.

அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகையே வரவேண்டாம் என்று இருந்தது. பர்மா அரிசி நின்றதிலிருந்து ஊரே சோற்றுக்கு ஆலாய்ப் பறந்தது. ரேஷன் அரிசி வெந்தால் நனைந்த சாக்கு வாசனை வீடு முழுக்க அடிக்கும். சீனிச் சீசா காலியாகிப் பல மாதம் ஆகியும் அம்மா அதைக் கழுவவில்லை. நான் விரலை விட்டுத் துழாவி நக்குவேன். புரட்டாசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. ஐப்பசிக் கடைசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு விடியற்காலை வைகை எங்கள் வளவுக்குள் வந்தது. கட்டிலுக்கடியில் செருப்பு மிதந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு சபைப் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் பின்சுவர் இல்லை. விறகு இல்லை. ரங்கூன் தட்டும் இல்லை.

ரங்கூன் தட்டு என்றால் எங்கள் சபையில் அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்தது. மூங்கிலைப் பின்னி அரக்குப் பூசியது. நல்ல சிவப்பு, ஓரத்தில் கறுப்பாக யானைகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி. பதினேழு யானை, நான் எண்ணியிருக்கிறேன். மூக்கருகே வைத்தால் ஒரு புது மாதிரி எண்ணெய் வாசனை. அத்தை அதில்தான் கிறிஸ்துமஸ் பலகாரம் அனுப்புவாள். ஒரு வாரம் அவள் சேற்றைக் கிளறித் தேடினாள். இன்றைக்கும் வைகையில் தண்ணீர் வருகிறது என்று பேப்பரில் பார்த்தால் என் மனசு முதலில் அந்தத் தட்டைத்தான் தேடுகிறது.

வெள்ளம் வடிந்த பிறகு ரேஷன் கடை வரிசை இரண்டு மடங்கானது. டிசம்பர் பாதியில் ஒரு நாள் அம்மா சுவரை மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் காய்ச்சல். என்னைத்தான் பையும் கார்டுமாக அனுப்பினார்கள். காலையில் குடித்த கஞ்சித் தண்ணீர் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மழைக்குப் பிந்தின வெயில் சுள்ளென்று உச்சியில் இறங்கியது. வரிசை நகரவே இல்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் நின்ற டீக்கனம்மா, எங்கள் சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கனின் மனைவி, திரும்பிப் பார்த்தார்.

"ஏ புள்ள, அத்தை வரலையா? ரங்கூன்ல இருந்து தாக்கல் ஏதும் வந்துச்சா?"

அதற்கு முந்தின நாள் அப்பா அம்மாவிடம், "இனிமே எனக்கு நம்பிக்கை இல்ல" என்று மெதுவாகச் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அதுதான் நாக்கு நுனியில் இருந்ததோ என்னவோ. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அப்பா சொன்னது வேறு, நான் சொன்னது வேறு.

"எங்க மாமா செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

டீக்கனம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். யாரோ, "துக்க வீட்டுப் புள்ளம்மா, முன்னால விடுங்க" என்றார்கள். என்னைக் கைக்குக் கை மாற்றித் தராசு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் அரிசி வாங்கிக்கொண்டு நிழலோரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வார்த்தை எனக்குப் பின்னாலேயே நடந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் முதல் தட்டு வந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் இரண்டு. எல்லாம் வெள்ளைத் துணி மூடி வந்தன.

இதை நான் குற்றமாக எழுதவில்லை, பாருங்கள். அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது? ஒன்றில் ரெண்டு முறுக்கு. ஒன்றில் ஒரு பிடி அவல், ஒரு பழம். அந்த வீடுகளிலும் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. தங்கள் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தார்கள். டீக்கனம்மாவின் தட்டுக்கடியில் மடித்த வெள்ளைச் சேலை ஒன்று இருந்தது. துணிக்கும் கட்டுப்பாடு இருந்த காலம். தனக்குக் கிடைத்ததை அத்தைக்கு, கைம்பெண்ணுக்கு உடுத்த, கொண்டுவந்திருந்தார்.

முதல் தட்டு வந்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டேன். ஐந்தாவது தட்டையும் அந்தச் சேலையையும் பார்த்த பிறகுதான் அத்தை அடுப்படியில் உட்கார்ந்தாள். அப்பா மில்லிலிருந்து வந்ததும் கேட்டாள்:

"அண்ணே, சபையில நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நா சொல்லலத்தா."

"நட்சத்திரம் கட்ட வேணாம்னு சொன்னீகளே."

"காயிதம் வாங்க வக்கில்லாமச் சொன்னேன். வேற ஒன்னும் இல்ல." அப்பா தட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "யாருக்காவது லெட்டர் வந்திருக்குமோ? தெரிஞ்சுக்கிட்டு நம்மகிட்ட மறைக்கிறாங்களோ? டீக்கன் வீட்டுக்குப் போயிக் கேட்டுட்டு வாரேன்."

"போகாதீங்க."

"கேக்குறதுல என்னத்தா?"

"லெட்டர் வந்தா எனக்கு வரும். அவுகளுக்கு என் விலாசம் தெரியும்."

நான் கதவு மூலையில் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. சொல்லவில்லை.

அத்தை எழுந்தாள். "மதினி, இந்த அஞ்சு தட்டும் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது" என்றாள் அம்மாவிடம்.

"என்னத்தை வச்சு அனுப்புவ? வீட்டுல இருக்குறது நாலு நாளைக்குப் பத்தாது."

"ஏதாச்சும் வைப்பேன்."

பக்கத்து வீட்டு அக்கா நடுச்சுவரில் விழுந்திருந்த பொத்தல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளம் செய்த ஒரே உபகாரம் அந்தப் பொத்தல். அக்காவுக்குப் பிறந்த வீடு உசிலம்பட்டிப் பக்கம். அங்கே அந்த வருஷம் பாதி விளைச்சல்தான். அதிலும் அவள் தம்பி கொஞ்சம் சோளம் கொண்டுவந்து போட்டிருந்தான். பொத்தல் வழியாகச் சோளத்தோடு ஒரு முறம், எங்கள் பேச்சில் சொளவு, நீண்டது.

"இந்தா, ரெண்டு படி இருக்கும். கார்த்திகைக்கு வாங்கின கருப்பட்டியில ஒரு வட்டு மிச்சம். பொரி உருண்டை புடிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுக்கா."

"சரி, நகரு. நா வாரேன்."

சோளம் பொரிவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மண்சட்டி காய்ந்ததும் ஒரு பிடி போட்டாள் அக்கா. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று வெடித்தது, அப்புறம் நாலு, அப்புறம் சட்டி கொள்ளாமல் வெள்ளை வெள்ளையாகத் துள்ளி அடுப்படியெங்கும் விழுந்தது. தம்பி தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கித் தின்றான். ஒரு பிடிச் சோளம் சொளவு நிறைய ஆனது. பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சாமான் போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள். கருப்பட்டிப் பாகு கொதிக்கிற வாசனையில் எனக்கு வாய் ஊறியது.

"இம்புட்டுச் சூட்டுல உருட்டினாத்தான் நிக்கும். கையைப் பாக்காத, உருட்டு" என்று அக்கா விரட்டினாள். அத்தையின் உள்ளங்கை சிவந்து கொப்புளித்தது. அவள் உஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அம்மாவோடு நானும் போனேன். டீக்கனம்மா துணியை விலக்கிப் பார்த்தார்.

"என்னடி இது! கார்த்திகைக்குப் பண்ற பொரி உருண்டை!"

"கிறிஸ்துமஸ் பலகாரம்தான் அக்கா. அவ கையால புடிச்சது" என்றாள் அம்மா.

டீக்கனம்மா தட்டுக்கு அடியில் கை வைத்தார். வெள்ளைச் சேலை மடித்தது மடித்தபடி இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி அவர் புரிந்துகொள்ளவில்லை.

"பாவம். மனசு ஒத்துக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். விட்டுப் பிடிங்க" என்றார்.

ஐந்து வீட்டிலும் ஏறக்குறைய அதே பேச்சு. நிறைத்து அனுப்பிய தட்டுகள் அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டதற்குச் சாட்சி ஆகிவிட்டன. யார் சொன்னது என்று கேட்க அம்மாவுக்குப் பயம், கேட்டால் அது நிஜமாகிவிடுமோ என்று. வீட்டுக்கு வந்து, "எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க" என்று அத்தையிடம் சொன்னாள். என்னை மாதிரியே அவளும் ஒரு பொய் சொன்னாள். ஆனால் எதற்குச் சொன்னாள் என்பதில் எம்புட்டு வித்தியாசம்!

அத்தை நம்பினாள். பஜனைப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. புறப்படும்போது என் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டே, "மாமா பேரைச் சொல்லும்போது நீயும் சேந்து கத்தணும். என்ன? போன வருஷம் ஒன் சத்தமே கேக்கல" என்றாள்.

குண்டுக்குப் பயந்து ராத்திரியில் விளக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. அதனால் அந்த வருஷம் பஜனை பட்டப்பகலில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் புறப்பட்டது. சுருதிப்பெட்டி, மத்தளம், ஜால்ரா, முன்னால் பாட்டு வாத்தியார் வீட்டு லிஸ்டோடு. தெருவெல்லாம் வெள்ளம் விட்டுப்போன வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு ஆட்டுக்குட்டி எங்களோடேயே வந்தது. டீக்கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டார்:

"என்னண்ணே, வெயில்ல பஜனை?"

"ராத்திரியைச் சர்க்கார் எடுத்துக்கிச்சு மாப்ள. பகலையாச்சும் விட்டு வச்சாகளே" என்றார் பாட்டு வாத்தியார். எல்லாரும் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிடும்போல் இருந்தது.

எங்கள் வளவு வந்தது. பாட்டு வாத்தியார் லிஸ்டைப் பார்த்தார். பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் கையைத் தூக்கினார். மத்தளம் நின்றது. ஜால்ரா வைத்திருந்தவர் இரண்டையும் சேர்த்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார். எல்லாத் தலைகளும் குனிந்தன.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணத்துப் பச்சைச் சேலை. அந்த வெயிலில் ஒரு விளக்கை ஏற்றிக் கையில் பிடித்திருந்தாள். வீட்டிலிருந்த கடைசி எண்ணெய் அதுதான். பக்கத்தில் முக்காலியில் பொரி உருண்டை வைத்த சொளவு. அவளுக்குப் பின்னால் அப்பாவின் நிழல். கூட்டம் நகர்வதைப் பார்த்தும் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள், ஏதோ தவறிப் போகிறார்கள், நினைவு வந்து நிற்பார்கள் என்பதுபோல. என் வீட்டு வாசலை நான் அந்நியப் பிள்ளை மாதிரி தலை குனிந்து தாண்டினேன். நாலு எட்டு. ஐந்தாவது எட்டு வைக்க எனக்குக் கால் வரவில்லை. ஆட்டுக்குட்டி என் மேல் முட்டியது.

"நில்லுங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கத்தினேன். "நில்லுங்க! எங்க மாமா சாகல! நாந்தான் பொய் சொன்னேன்! வரிசையில நிக்க முடியாமச் சொன்னேன்!"

பாட்டு வாத்தியார் திரும்பி வந்து என் முன்னால் குனிந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப லெட்டர் ஏதும் வரலையா?"

"வரல சார்."

"யாரும் வந்து சொல்லலையா?"

"யாரும் சொல்லல. நாந்தான்."

அவர் நிமிர்ந்தார். அத்தை நின்ற பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை. சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். குறுக்குக் கோட்டை அழிக்க ரப்பர் இல்லை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். தாள் கிழிந்துவிட்டது. "கிழிஞ்சா கிழியட்டும், பேரு எனக்கு மனப்பாடம்" என்று சொல்லிக் கூட்டத்தைத் திருப்பினார்.

எங்கள் வாசலில் நின்றார்கள். முதலில் அப்பா பெயர். அடுத்து மாமாவின் பெயரை அவர் எடுத்தார். பாதியில் நின்றுவிட்டார். மீதியை நாங்கள் எல்லாரும் சொன்னோம். டீக்கன்கூடச் சொன்னார். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அத்தை வாயால் சொல்லாததை நான் மையால் எழுதுவது சரியாகப் படவில்லை. "குடும்பத்துக்குச் சமாதானம்!" என்றோம். மத்தளத்தில் அடி விழுந்தது. பொத்தலுக்கு அந்தப் பக்கம் அக்கா வளையல் குலுங்கக் கை தட்டினாள். அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள். காது மடலைப் பார்க்க நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அந்த உரிமை போய்விட்டது என்று நினைத்தேன்.

பஜனை முடிந்தும் நான் வீட்டுக்குள் வரவில்லை. அடைத்த பின்சுவரின் ஈர மண்ணில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அத்தை வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வரிசையில ரொம்ப நேரம் நின்னியா?"

"ம்."

"பசிச்சுச்சா?"

நான் அழுதேன். அவள் முந்தானையிலிருந்து உடைந்த பொரி உருண்டை ஒன்றை எடுத்துப் பாதியை என் வாயில் வைத்தாள். மீதியைத் தான் தின்றாள். கொப்புளம் உடைந்த கை கருப்பட்டி வாசனை அடித்தது. அந்த விஷயத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அம்புட்டுத்தான். கர்த்தர் என்னை மன்னித்தார் என்று பிறகு எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுவிட்டேன். எனக்கு அது முதலில் அந்தப் பாதி உருண்டையில்தான் கிடைத்தது.

மறுநாள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அத்தை பச்சைச் சேலையோடுதான் வந்தாள். டீக்கனம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும் ரகசியமாக, "அந்தப் பொரி உருண்டை என் பல்லை ஆட்டிருச்சுடி" என்றார். அத்தை சிரித்தாள். ஜெப நேரத்தில் சிரித்ததற்காகப் போதகர் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கேயோ போய்விட்டுக் களைத்து வருவார். சீட்டாடப் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அவர் காலமான பிறகு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய், பர்மாவிலிருந்து வந்தவர்கள் தங்கிய சத்திரத்துக்கும் போய், ஒவ்வொருவரிடமும் மாமாவின் அடையாளம் சொல்லிக் கேட்பாராம். நம்பிக்கை இல்லை என்று வாயால் சொன்ன மனிதர், காலால் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். எங்களுக்கு வாய்தான் கேட்டது.

சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது. சீனி வந்தது. மாமா வரவில்லை. அத்தை சபைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கும் வேலைக்குப் போனாள். கலர்ச் சேலைதான் கட்டினாள், கடைசி வரைக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டிலிருந்து பொரி உருண்டைதான் போகும். அதற்குச் சபையில் யாரும் பிறகு கேலி பேசவில்லை. ஒவ்வொரு பஜனையிலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். பாட்டு வாத்தியார் போய், அவர் மகன் வந்து, லிஸ்டு புது நோட்டுக்கு மாறியபோதும் அந்தப் பெயரை விடாமல் எழுதிக்கொண்டார்கள். அத்தை கண்ணை மூடிய வருஷம் சபையில் கேட்டார்கள், இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லலாமா, வேண்டாமா என்று. நான் சொல்லச் சொன்னேன். இப்போது என் வாசலில் சொல்கிறார்கள். பாடுகிற பிள்ளைகளுக்கு அது யார் என்று தெரியாது. என் பேத்தி கேட்டாள். அதனால்தான் மூன்றாவது நோட்டு.

இதை வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சபையாருக்கும் இதைச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஏற்கெனவே எங்கள் பக்கத்தில் சிலர், பஜனை பாடிக்கொண்டிருக்கும்போதே மாமா தெருமுனையில் வந்து நின்றார் என்று முடித்துச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லாதீர்கள். அவர் வரவில்லை. வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். செத்தார் என்றும் சொல்லிவிடாதீர்கள். அதை ஒரு தடவை நான் சொல்லிவிட்டேன்.